களிமண் உருண்டை மேல் வெள்ளைப் படலம்

மணிபிளான்டை மண்ணிலிருந்து எடுத்து, கண்ணாடி ஜாடியில் களிமண் உருண்டைக்கு (மண்ணுக்குப் பதிலாகச் செடி வளர்க்கப் பயன்படும் சுட்ட உருண்டைகள்) மாற்றிய ஒரே மாதத்தில் மேலே வெள்ளையாகப் படிந்திருக்கிறது, பூஞ்சையா என்று கேட்டிருந்தீர்கள். அது பெரும்பாலும் பூஞ்சை இல்லை, உப்பு. மருந்து எதுவும் அடிக்காதீர்கள்.

போர் தண்ணீர்தான் ஊற்றுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். உருண்டை அடியிலிருந்து நீரை உறிஞ்சி மேலே ஏற்றும். நீர் ஆவியானதும் அதிலிருந்த சுண்ணாம்பும் உர உப்பும் அங்கேயே தங்கிவிடும்.

சந்தேகம் என்றால் காய்ந்த உருண்டை ஒன்றை எடுத்து, வெள்ளைப் பகுதியில் 2 சொட்டு வினிகர் விடுங்கள். சின்னச் சின்னக் குமிழியாக நுரைத்தால் சுண்ணாம்பு. பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்து, விரல் பட்டதும் நசுங்கினால்தான் பூஞ்சை.

மாதம் ஒருமுறை மழைநீரோ ஆர்ஓ தண்ணீரோ மேலிருந்து தாராளமாக ஊற்றி, முழுக்க வடித்துவிடுங்கள். கண்ணாடி ஜாடியில் துளை இருக்காது, உருண்டைகளைக் கையால் பிடித்துக்கொண்டு சாய்த்து வடிக்க வேண்டும். அப்புறம் நீர்மட்டம் ஜாடியில் கால் பங்கைத் தாண்ட வேண்டாம், வேருக்கு மூச்சு முட்டும்.

ஒன்று மட்டும் கவனம். ஆர்ஓ நீரில் கால்சியம் மிகக் குறைவு, உருண்டையிலும் சத்து கிடையாது. வடித்த பிறகு ஜாடியில் நிரப்பும் நீரில் ஹைட்ரோபோனிக் (மண்ணில்லாமல் வளரும் செடிக்கான) திரவ உரத்தைப் பாதி அளவில் சேர்த்தே ஊற்றுங்கள். மண்ணில் வளர்ந்த பழைய வேர் கொஞ்சம் அழுகலாம். அதை வெட்டிவிடுங்கள், புது வெள்ளை வேர் வரும்.