கூலியைக் கூட்டியும் ஆள் நிற்கவில்லையே!

கேள்வி: திருப்பூரில் 60 பேர் வேலை பார்க்கும் பனியன் யூனிட் நடத்துகிறேன். கூலியைக் கூட்டியும் தையல் பிரிவில் மட்டும் மாதம் நாலைந்து பேர் வேலையை விட்டுவிடுகிறார்கள். சூப்பர்வைசர் தொழில் தெரிந்தவர், கொஞ்சம் கோபக்காரர். என்ன செய்யலாம்?

பதில்: செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் ஆள் நிற்கிறார்கள் என்றால், கூலியைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும். 1959-ல் அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க், சம்பளத்தையும் மேற்பார்வையையும் ஒரே பட்டியலில் வைத்தார்: கெட்டால் வெறுப்பு வரும், சரிசெய்தால் வெறுப்பு அடங்கும், அவ்வளவுதான். ஒன்றைக் கூட்டி மற்றதை ஈடுகட்ட முடியாது. (கூலியே போதாத இடத்தில் இதைச் சொல்லித் தப்பிக்கக் கூடாது.)

தையல் பிரிவிலிருந்து தவறுகள் குறைவாகத்தான் சொல்லப்படுகின்றனவா? மகிழ வேண்டாம். ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தபோது, நன்றாக நடத்தப்பட்ட பிரிவுகளில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. அங்கே பயமின்றிச் சொன்னார்கள். திட்டு விழும் லைனில், தையல் விட்ட பீஸைக் கட்டின் நடுவில் சொருகிவிடுவார்கள். அது செக்கிங்கில்தான் வெளிவரும். லைனில் சொன்ன பழுது, செக்கிங்கில் பிடிபட்ட பழுது என இரண்டு கணக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து, கடந்த ஆறு மாதத்தில் வேலையை விட்டவர்களை, எவ்வளவு காலம் இருந்தார்கள் என்று பிரித்துப் பாருங்கள். முதல் மாதத்திலேயே போனவர்களுக்கு வேலை பழக்கியதில் குறை இருக்கலாம். இரண்டு வருடம் இருந்து போனவர்கள்தான் சூழலைச் சொல்வார்கள்.

பிறகு ஒரு சீட்டு; ஐந்து கேள்விகள் போதும். தப்பைச் சொன்னால் திட்டு விழுமா, உதவி கேட்க முடிகிறதா, வேலை பங்கீட்டில் பாரபட்சம் உண்டா என்பன போல. எழுதச் சொல்லாதீர்கள், கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும், டிக் மட்டும். இந்தி, ஒடியாவிலும் தாருங்கள்; படிக்கத் தெரியாதவர்களுக்குச் சிரித்த முகம், வாடிய முகம். சீட்டு போடும் பெட்டியைச் சூப்பர்வைசர் தொடக் கூடாது. போனஸ் பேசும் நேரத்தில் வேண்டாம், பதில் கோணலாகும். ஐந்து பேருக்குக் குறைந்த பிரிவைத் தனியாகக் கணக்கிட வேண்டாம், யார் சொன்னது என்று தெரிந்துவிடும். இரண்டு வாரத்துக்குள் முடிவைச் சொல்லி, ஒரு குறையையாவது சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை எல்லோரும் ‘நல்லா இருக்கு’ என்றே டிக் அடிப்பார்கள்.

சூப்பர்வைசரை லைன் முன்னால் கண்டிக்காதீர்கள். ஷிப்மென்ட் நெருக்கடி அவர் தலையில்தான் விழுகிறது. பழுது வந்தால் “யார் செஞ்சது?” என்பதற்கு முன் “எந்த மெஷின், எப்போதிருந்து?” என்று கேட்கச் சொல்லுங்கள். மெக்கானிக்கை டெய்லரே நேராகக் கூப்பிடட்டும்.

கேள்வி: மாதம் ஒரு நாள் கேக் வெட்டினால் உற்சாகம் வருமா?

பதில்: திட்டு நின்ற பிறகு வெட்டுங்கள். அந்த அரை மணி நேரத்தைப் பீஸ் ரேட்காரர்களின் (தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவர்களின்) கூலியில் பிடிக்காமல் இருந்தால்.