விண்டோஸ் லேப்டாப், இரண்டு மைக் இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி): குரலும் மிருதங்கமும் பதிய எந்த மென்பொருள்?

ரீப்பர். 60 நாள் எல்லா வசதியோடும் இலவசமாகப் பார்க்கலாம். தனிநபர் உரிமம் 60 டாலர். பழைய லேப்டாப்பிலும் இலகுவாக ஓடும். மேக் வைத்திருப்பவர்கள் கராஜ்பேண்டிலேயே தொடங்கலாம், செலவில்லை. ஆடியோசிட்டி ஒற்றைக் குரலுக்குப் போதும். ஆனால் ஏற்கெனவே பதிந்ததைக் கேட்டுக்கொண்டே அடுத்த டிராக் பதிந்தால் அது தாளத்திலிருந்து விலகி விழலாம். எவ்வளவு தாமதம் என்று நாமே அளந்து, அதை ஈடுகட்டும் அளவைக் கொடுக்க வேண்டும்.

பாடும்போது ஹெட்ஃபோனில் குரல் பிந்திக் கேட்கிறது என்ற புகாருக்கு மென்பொருளை மாற்றிப் பயனில்லை. இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளர் தரும் ஏசியோ டிரைவரை (ASIO, ஒலித் தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருள்) போட்டு, ரீப்பரின் ஆடியோ டிவைஸ் அமைப்பில் அதைத் தேர்ந்தெடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (ஒலியைச் சிறு தொகுதியாகச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு) 128 சாம்பிள் என்றால் ஒரு வழித் தாமதம் சுமார் 2.7 மில்லிசெகண்ட், 1024 என்றால் 21. பதியும்போது 128, மிக்ஸிங்கில் 1024. 128-இல் படபடவென்று சத்தம் வந்தால் பிராசஸர் திணறுகிறது, 256-க்கு ஏற்றுங்கள்.

24 பிட்டில் பதியுங்கள். மிருதங்கத்தின் வலந்தலை அடி சட்டென்று எகிறும்; உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) வையுங்கள். கிளிப் ஆன (அளவு மீறிச் சிதைந்த) அடியைப் பிறகு முழுமையாக மீட்க முடியாது.

மெட்ரோனோம் இல்லாமல் பாடுவதானால் ரீப்பரில் ஸ்நாப்பை அணையுங்கள் (ஆல்ட்+எஸ்). இல்லாவிட்டால் வெட்டி ஒட்டும்போது துண்டுகள் திரையிலுள்ள தாளக் கட்டக் கோடுகளுக்கு இழுபடும். தானியங்கிச் சுருதித் திருத்தம் கர்நாடக சங்கீதத்துக்கு வேண்டவே வேண்டாம், கமகத்தைப் பிழையென்று நினைத்துத் தட்டையாக்கிவிடும்.