வகுப்பு தொடங்கும் முன் ஒரு வார இறுதி: ‘எவ்ரிபடி வான்ட்ஸ் சம்’ திரைப்படம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: இந்தப் படத்தில் கதையே இல்லையாமே? எப்படி உட்கார்ந்து பார்ப்பது?

பதில்: 1980 ஆகஸ்ட் மாதக் கடைசி, டெக்சாஸ். பந்து வீசும் முதலாண்டு மாணவன் ஜேக், இசைத்தட்டுப் பெட்டியோடு பேஸ்பால் அணியினர் தங்கும் வீட்டுக்கு வந்து சேர்கிறான். முதல் வகுப்புக்கு எவ்வளவு நேரம் மிச்சம் என்று திரையில் அவ்வப்போது எழுத்து வரும். அந்தக் கடிகாரம்தான் கதை. வெட்டியாகக் கழியும் பொழுதும் கரைந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் கண்ணை எடுக்க முடியாது.

கேள்வி: பேஸ்பால் விதிகள் எனக்குத் தெரியாதே?

பதில்: தேவையே இல்லை. மைதானத்தில் ஒரே ஒரு பயிற்சிதான் உண்டு.

கேள்வி: இயக்குநரின் சொந்த வாழ்க்கையா?

பதில்: பெரும்பாலும் அப்படித்தான். ரிச்சர்ட் லிங்க்லேட்டர் ஹன்ட்ஸ்வில்லில் உள்ள சாம் ஹூஸ்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பேஸ்பால் ஆடியவர். அதனால்தான் எதையும் போட்டியாக்கும் அந்த வெறி இவ்வளவு துல்லியமாக வந்திருக்கிறது. பிங்பாங்கில் தோற்றாலும் அணி வீரன் மெக்ரெனால்ட்ஸுக்குப் பொறுக்காது.

கேள்வி: பெண்களைத் துரத்துவதையே காட்டுகிறார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

பதில்: நியாயமான எரிச்சல். நாடகத் துறை மாணவி பெவர்லி தவிர வேறு எந்தப் பெண்ணுக்கும் முகம் கிடைக்கவில்லை. அது படத்தின் குறைதான். ஆனால் ஜேக் அவளிடம் கிரேக்கப் புராணத்துச் சிசிஃபஸையும் பேஸ்பாலையும் இணைத்துத் தான் எழுதிய கட்டுரையைப் பற்றிச் சொல்லும் இடத்தைத் திரும்பப் பாருங்கள். பாறையை ஓயாமல் மலைமேல் உருட்டுகிறவனைச் சாபம் பெற்றவனாக அவன் நினைக்கவில்லை. முழுமனதோடு செய்ய ஒரு வேலை கிடைத்த பாக்கியசாலியாக நினைக்கிறான். மற்ற நேரமெல்லாம் அரட்டையடிக்கும் கூட்டத்தில் அவன் வாய்திறந்து மனதைச் சொல்வது அங்கேதான்.

கேள்வி: அணி வீரன் வில்லோபி வெளியேறுவது ஏன் மனதை அறுக்கிறது? (படம் பார்க்காதவர்கள் பதிலைத் தவிர்க்கவும்.)

பதில்: அவனுக்கு வயது முப்பது. கல்லூரி ஆட்டத்தை விட மனமில்லாமல் பொய் சொல்லிச் சேர்ந்தவன். மற்றவர்களுக்கு இது தொடக்கம்; அவன் மட்டும் முடிவைத் தெரிந்தே அவர்களோடு சிரித்துக்கொண்டிருந்திருக்கிறான். அவன் போனதும் பையன்கள் சற்றுநேரம் திகைக்கிறார்கள், பிறகு அடுத்த கொண்டாட்டத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பதினெட்டு வயதில் நானும் கிளம்பியிருப்பேன்.