சட்டம் கேளுங்கள்: கண்ணெதிரே நடந்த மரணமும் நஷ்டஈடும்

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கும் என் தங்கையின் கணவர், வீட்டில் அவள் கண்ணெதிரே மாரடைப்பால் இறந்துவிட்டார். இரண்டு மாதத்துக்கு முன் நெஞ்சுவலி என்று போனபோது ஆஸ்பத்திரியில் சரியாகப் பரிசோதிக்காமல் அனுப்பிவிட்டார்களாம். அன்றிலிருந்து அவளுக்கு மனநலம் சரியில்லை. தன் பாதிப்புக்கு அவள் வழக்குப் போடலாமா?

பதில்: போட்டாலும் நிற்காது. 2024 ஜனவரி 11 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் பால் (Paul) என்ற குடும்பத்தார் தொடுத்த வழக்கில் இந்தக் கதவைச் சாத்திவிட்டது. அதிலும் ஏறக்குறைய இதே நிலைமைதான். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து 14 மாதம் கழித்து ஒருவர் தெருவில் சுருண்டு விழுந்து இறந்தார். கூட இருந்தவர்கள் 12, 9 வயது மகள்கள். விபத்தை நேரில் பார்த்த, அல்லது நடந்த கையோடு வந்து பார்த்த நெருங்கிய உறவினருக்குத்தான் நஷ்டஈடு. நோய் முற்றி இறப்பது விபத்தாகாது என்றார்கள் ஆறு நீதிபதிகள். ஒருவர் மட்டும் மாறுபட்டார். அவர் பக்கம்தான் நியாயம் என்பது என் எண்ணம். ஆனால் சட்டம் இன்று அதுவல்ல.

தங்கைக்கு வேறு வழி இருக்கிறது. 1976-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டப்படி, கணவரின் வருமானம் போனதற்கும், துயர இழப்பீடாக 15,120 பவுண்டும் கேட்கலாம் (2020 மே 1 முதல் நேர்ந்த மரணங்களுக்கு இந்தத் தொகை). இந்தச் சட்டத்தின் பெயரில்தான் விபத்து. டாக்டரின் கவனக்குறைவும் இதில் அடங்கும். ஒழுங்காகப் பரிசோதித்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நிரூபிக்க வேண்டும். பல வழக்குகள் சறுக்குவது இங்கேதான். முதல் வேலையாக அவருடைய மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வழக்குப் போடக் கெடு பொதுவாக மூன்று ஆண்டு.

கேள்வி: விபத்துச் செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ப் பார்த்தவருக்கு?

பதில்: எவ்வளவு சீக்கிரம், எந்தக் கோலத்தில் பார்த்தார் என்பதே முக்கியம். மெக்லாக்லின் வழக்கில் (1982) தாய் வந்தது இரண்டு மணி நேரம் கழித்து. கணவரும் பிள்ளைகளும் எண்ணெயும் சேறுமாகக் கிடந்தார்கள். ஒரு மகள் இறந்துவிட்டாள். தாய் ஜெயித்தார். 1989-இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் பலர் இறந்த நெரிசலுக்குப் பின் வந்த ஆல்காக் வழக்கில், சுமார் எட்டு மணி நேரம் கழித்துப் பிணவறையில் மைத்துனரை அடையாளம் காட்டியவர் தோற்றார். டிவியில் பார்த்தவர்களும் தோற்றார்கள். மைதானத்திலேயே இருந்து, இரண்டு சகோதரர்களைப் பறிகொடுத்தவருக்கும் அதே கதி: பாசத்துக்கு ஆதாரம் காட்டவில்லையாம்! பெற்றோர், பிள்ளை, கணவன், மனைவி என்றால் பாசம் இருப்பதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும்; அண்ணன் தம்பி நிரூபித்தாக வேண்டும்.

இன்னொன்று, வெறும் துக்கமும் தூக்கமின்மையும் போதாது. மனநல மருத்துவரின் அறிக்கையில் பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோய்), மனச்சோர்வு நோய் என்று திட்டவட்டமாக ஒரு நோயின் பெயர் இருக்க வேண்டும்.