வாளெடுத்தவர்கள் ஏன் காதலைச் சொல்வதில்லை? – வாசகர் கேள்வி பதில்

ஆங் லீ 2000ஆம் ஆண்டில் இயக்கிய ‘குரௌச்சிங் டைகர், ஹிடன் டிராகன்’ என்ற சீனப் படத்தைப் பற்றிக் கேட்ட ஒரு வாசகருக்கு, அதன் பறக்கும் சண்டைகள் அழகு என்று சென்ற இதழில் நான்கே வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிகள் போதவில்லை என்று மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே இம்முறை, சீனர்கள் ‘வூசியா’ என்று அழைக்கும் வாள்வீரர் படங்களைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ‘வூ’ என்பது போர்த்திறம். ‘சியா’ என்பவர், அரசனுக்குக் கட்டுப்படாவிட்டாலும் தாம் கொடுத்த சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஊர் ஊராகத் திரியும் வீரர்; அது பெண்ணாகவும் இருக்கலாம்.

கேள்வி: பிள்ளைகளோடு அந்தப் படத்தைப் பார்த்தேன். கூரைக்குக் கூரை தாவுகிறார்கள், சுவரில் ஓடி ஏறுகிறார்கள், நீர்ப்பரப்பைக் காலால் தொட்டுவிட்டுப் பறக்கிறார்கள். பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்கள். இதை எப்படி ஐயா அழகு என்று எழுதினீர்கள்? – ஒரு தந்தை, காரைதீவு.

பிள்ளைகள் சிரித்ததில் பிழையில்லை. ஆனால் அதே பிள்ளைகளை ஒரு வடமோடிக் கூத்துக்கு அழைத்துச் சென்று பாருங்கள். மத்தளமும் சல்லரியும் ஒலிக்க, தருமர் ஆடுகளமான களரியை இரண்டு முறை சுற்றி ஆடி நின்றால், அவர் ஒரு காட்டைக் கடந்துவிட்டார் என்று எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள், யாரும் சிரிப்பதில்லை. கலைஞனுக்கும் சபையோருக்கும் இடையில் உள்ள உடன்பாடு அது. சீனக் கதைகளில் ‘சிங்கோங்’ என்றொரு வித்தை உண்டு. மூச்சைப் பழக்கி, உடலின் பாரத்தை இல்லாமற் செய்து, இலையின் மேலும் நீரின் மேலும் நடக்கும் வித்தை அது. பெய்ஜிங் இசைநாடக மேடையின் குட்டிக்கரணங்களிலும் வாள்முறைத் தொடர்க்கதைகளிலும் பழகிப்போன சீனப் பார்வையாளருக்கு, இந்தப் பறத்தல் நமக்குக் களரிச் சுற்று எப்படியோ அப்படி. அந்தப் படத்தின் சண்டைகளை அமைத்த யூன் வூ-பிங், இசைநாடக நடிகர் ஒருவரின் மகன். நடிகர்களைப் பாரந்தூக்கியில் கட்டிய கம்பிகளில் தொங்கவிட்டு எடுத்து, அந்தக் கம்பிகளைப் பின்னர் கணினியில் அழித்தார்கள்.

அயல்நாட்டுக் கலையை நம் களரியோடு ஒப்பிடலாமா என்று கேட்டுவிடாதீர்கள். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தசரூபகம் என்ற வடமொழி நாடக நூலின் இலக்கணத்தோடு சேர்த்து வைத்து 1926இல் ‘மதங்க சூளாமணி’ எழுதிய விபுலாநந்த அடிகள் உங்கள் ஊர்க்காரர் அல்லவா!

இன்னொன்றையும் கவனிக்கலாம். அந்தப் படத்தில் மிகுதியாகப் பறப்பவள் ஜென் என்ற இளம்பெண். அவள் ஒரு பெரிய அதிகாரியின் மகள். குடும்பத்தின் பதவிக்கு உதவும் ஒரு திருமணத்துக்காகக் காத்திருக்க வைக்கப்பட்டவள். பகலில், பட்டாடையும் தலையணியும் அழுத்த, முற்றத்துச் சுவர்களுக்குள் அவள் சிற்றடி வைத்து நடக்கிறாள். இரவில், அதே சுவர்களின் மேல், பாரமே இல்லாதவளாக ஓடுகிறாள். அடுத்த முறை பிள்ளைகளோடு பார்க்கும்போது இந்த இரண்டு நடைகளையும் சேர்த்துக் காட்டுங்கள். அதன் பின்னும் சிரித்தால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: அதே படத்தில் வரும் வாள்வீரன் லி மு பாயும் வாள்வீராங்கனை யூ ஷு லியெனும் ஒருவரை ஒருவர் விரும்புவது எல்லோருக்கும் தெரிகிறது. ஆனால் படம் முடியும்வரை அவர்கள் அதைச் சொல்வதில்லை. இவ்வளவு வாள்வீச்சுத் தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தைரியம் வரவில்லையா? – ஓர் ஆசிரியை, களுவாஞ்சிக்குடி.

தைரியம் இல்லாமலில்லை, ரீச்சர். ஷு லியென் முன்பு வேறொருவருக்கு நிச்சயிக்கப்பட்டவள். அவன் லி மு பாய்க்கு உடன்பிறவாச் சகோதரன். திருமணத்துக்கு முன்பே இறந்துபோனான். அவன் நினைவுக்குத் துரோகம் செய்யக் கூடாது என்று இருவரும் ஆண்டுக்கணக்காக அடங்கி இருக்கிறார்கள். படத்தின் முதற்காட்சியில் அவர்கள் வாளைப் பற்றியும் பயணத்தைப் பற்றியும் பேசுவதைத் திரும்பப் பாருங்கள். வாள் என்ற சொல் வரும் இடமெல்லாம் வேறொரு சொல் மறைந்து நிற்பது புரியும். பின்னர் ஒரு தேநீர் வேளையில் அவன் அவளுடைய கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொள்கிறான். நமது படங்களில் நான்கு பாடல்களுக்கு முன்பே கடந்துவிடும் ஒரு தொடுகை, அங்கே ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் காத்திருந்து வருவதால், பார்ப்பவருக்கு உடல் சிலிர்க்கிறது.

நம் கூத்து மரபில் வடமோடி பெரும்பாலும் போரைப் பாடும், தென்மோடி பெரும்பாலும் காதலைப் பாடும். வூசியாவைப் புரிந்துகொள்வதற்கு எனக்குக் கிடைத்த எளிய வழி, இரண்டு மோடிகளையும் ஒரே களரியில் ஒரே நேரத்தில் ஆடவிட்டதாக அதை எண்ணிக்கொள்வதுதான். சொல்லத் தடையுள்ள காதல் வாளின் வழியாக வெளியே வருகிறது. பாலைவனத்தில் லோ என்ற கொள்ளைக்காரன் ஜென்னின் சீப்பைப் பறித்துக்கொண்டு ஓடுகிறான். அவள் குதிரையில் துரத்துகிறாள். பிடிக்கிறாள், அடிக்கிறாள், விழுகிறாள், மறுபடி எழுந்து அடிக்கிறாள். ஒரு சீப்புக்காகத் தொடங்கிய அந்தச் சண்டை எந்த இடத்தில் காதலாக மாறுகிறது என்று கோடு கிழித்துக் காட்ட யாராலும் முடியாது.

நீங்கள் தமிழ் கற்பிப்பவர் என்று கடிதத்தில் எழுதியிருப்பதால் இதையும் சொல்கிறேன். நமது அகத்திணையில் குறிஞ்சிக்குப் புணர்தல், பாலைக்குப் பிரிதல். இந்தப் படத்தில் அது அப்படியே கவிழ்ந்திருக்கிறது. ஜென்னும் லோவும் கூடுவது நீரற்ற பாலையில். அவள் அவனைப் பிரிந்து பாலத்திலிருந்து கீழே பாய்வது மேகம் சூழ்ந்த வூடாங் மலையில். இயக்குநர் திணை இலக்கணம் படித்தவர் அல்லர். நிலத்தை மனத்தின் நிலையாகக் காட்டும் பழக்கம் சீனக் கவிதைக்கும் மலைநீர் ஓவியத்துக்கும் மிகப் பழையது. அவர் அங்கிருந்து எடுத்திருக்கிறார். ஆயினும் நம் திணைகளைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கும் ஒரு தமிழ் வாசகருக்கு இந்தப் படம் இன்னொரு கதவையும் திறக்கிறது என்றே நினைக்கிறேன்.

கடைசியில் லி மு பாய் சொல்லத்தான் செய்கிறான். நஞ்சு ஏறி, எஞ்சியிருப்பது சில மூச்சுகள் மட்டும். அந்த மூச்சைத் தியானத்தில் செலவிட்டு வீடுபேறு தேடும்படி அவளே கெஞ்சுகிறாள். அவனோ அந்த மூச்சை அவளிடம் காதலைச் சொல்லச் செலவிட்டுவிடுகிறான். மூச்சை அடக்கிப் பறக்கக் கற்ற ஒருவன் அதை எதற்குக் கொடுத்தான் என்பதைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வாப்பா சீனடி சிலம்படி பழகியவர். ‘இது சண்டையில்லை மகன், ஆட்டம்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் சொல்வது சரியா? – ஒரு வாசகர், சம்மாந்துறை.

முழுக்கச் சரி. அடிமுறை தெரிந்த கண் அப்படித்தான் பார்க்கும். ஜென்னாக நடித்த ஜாங் ஸியி, சிறுமியாக இருந்த காலத்திலேயே பெய்ஜிங் நடனக் கல்லூரியில் சேர்ந்து பயின்றவர். ஷு லியெனாக நடித்த மிச்செல் யோ மலேசியாவில் பிறந்து பலே நடனம் கற்றவர். அந்தப் படப்பிடிப்பில் முழங்காலில் கடுமையான காயமும் பட்டார். 1966இல் கிங் ஹூ இயக்கிய ‘கம் டிரிங்க் வித் மீ’ படத்தின் வாள்வீராங்கனையான செங் பெய்-பெய்யும் பலே பயின்றவர்தான். முப்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து, ஆங் லீயின் படத்தில் ஜென்னுக்கு வித்தை கற்றுக்கொடுத்த கொடியவளாக வருபவரும் அவரே. ஷு லியெனும் ஜென்னும் மண்டபத்தில் மோதும் காட்சியைத் தயவுசெய்து உங்கள் வாப்பாவுக்கு மறுபடி போட்டுக் காட்டுங்கள். ஷு லியென் ஈட்டி, இரட்டை வாள் என்று ஆயுதத்தை மாற்றி மாற்றி எடுக்கிறாள். ஜென்னின் ஒரே வாள் எல்லாவற்றையும் வெட்டி வீழ்த்துகிறது. அங்கே பின்னணியில் ஒலிப்பது தோற்கருவிகள் மட்டும். தாளக்கட்டுக்கு ஆடுவது என்றால் என்னவென்று தெரிந்தவர், ஆட்டம் என்று குறை சொன்ன அதே வாயால் ஆட்டம் என்று மெச்சவும் கூடும்.

கேள்வி: ‘ஹீரோ’ படத்தில் ஒரே கதையைச் சிவப்பு, நீலம், வெள்ளை, பச்சை என்று ஆடைகளை மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். அது வெறும் அலங்காரமா? – ஒரு மாணவி, அக்கரைப்பற்று.

ஜாங் யிமூ 2002இல் இயக்கிய அந்தப் படத்தில், பெயரற்ற ஒருவன் சின் நாட்டு அரசனின் முன்னால் அமர்ந்து, அரசனைக் கொல்ல வந்தவர்களைத் தான் வென்ற கதையைச் சொல்கிறான். அவன் முதலில் சொல்வது பொய்; அதில் ‘உடைந்த வாள்’, ‘பறக்கும் பனி’ என்ற காதலர் இருவரும் பொறாமையால் அழிகிறார்கள்; அதன் நிறம் சிவப்பு. அரசன் அதை நம்பாமல், தானாக ஊகித்துச் சொல்லும் கதை நீலம். அதில் காதலர்கள் ஒருவருக்காக ஒருவர் உயிர் கொடுக்கிறார்கள். கடைசியில் வெளிப்படும் உண்மை வெள்ளை. பழைய நினைவுகள் பச்சை. ஆகவே நிறம் இங்கே யாருடைய வாய்மொழி என்பதற்கான அடையாளம். ஒளிப்பதிவு கிறிஸ்டபர் டொயில், ஆடை அமைப்பு யப்பானியரான எமி வாடா.

நீலக் கதையில் ஓர் இடம் உண்டு, தங்கச்சி. அதை நான் பலமுறை திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஜியூஜாய்கோ பள்ளத்தாக்கின் ஏரி கண்ணாடிபோல் கிடக்கிறது. நடுவே ஒரு மண்டபத்தில் இறந்த பெண்ணின் உடல். அவளுக்கு அஞ்சலியாக இரண்டு ஆண்கள் நீரின் மேல் வாள் வீசுகிறார்கள். வீச்சில் தெறித்த ஒரு துளி அவள் முகத்தில் விழுகிறது. உடனே காதலன் சண்டையை விட்டுவிட்டுப் போய் அந்தத் துளியைத் துடைக்கிறான். எதிரி அந்த வேளையில் அவனை எளிதாகக் கொன்றிருக்கலாம், கொல்லவில்லை. துடைத்தது ஒரு துளியைத்தான் என்றாலும், அந்தப் பெண்ணைப் பற்றி அவன் ஒரு பக்கம் வசனம் பேசியிருந்தாலும் இவ்வளவு தெரிந்திருக்காது.

அந்தப் படத்தின் அரசியல் எனக்கு உவப்பானதன்று என்பதையும் மறைக்க விரும்பவில்லை. கி.மு. 221இல் சீனாவை ஒரே ஆட்சிக்குள் கொண்டுவந்த அந்த அரசன் எத்தனை ஊர்களை அழித்திருந்தாலும், ஒருமைப்பாட்டுக்காக அவனைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற முடிவை நோக்கியே கதை போகிறது. இந்தக் குறையைப் பலர் எழுதிவிட்டார்கள். நமது மண்ணில் இருந்து பார்ப்பவருக்கு அது சற்றுக் கூடுதலாகவே உறுத்தும். நிறங்களை மெச்சும்போது இந்த உறுத்தலையும் கூடவே வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: எல்லாப் படத்திலும் ஏன் மூங்கிற்காடு? – ஒரு வாசகர், திருக்கோவில்.

தொடக்கி வைத்தவர் கிங் ஹூ. அவருடைய ‘எ டச் ஒஃப் ஸென்’ படத்தின் மூங்கிற்காட்டுச் சண்டை அவ்வளவு புகழ்பெற்றது. 1975இல் கான் திரைப்பட விழாவில் அந்தப் படத்துக்குத் தொழில்நுட்பத்துக்கான விருது கிடைத்தது. ஆங் லீயும் ஜாங் யிமூவும் அந்தக் காட்டுக்குள் போனது ஒருவகையில் குருவணக்கம். நெடுமரம் அசையாது, மூங்கில் வளையும், நிமிரும், ஒளியை வடித்து விடும். காற்றில் அலையடிக்கும் அம்பாறை வயலை எழுந்து நிற்கும் உயரத்தில் கற்பனை செய்தால், நீங்களும் கமெராவைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் போவீர்கள்.

கேள்வி: அழகு மிஞ்சிப்போய்க் கதையை மூழ்கடித்துவிடுகிறது என்பது என் கருத்து. மறுப்பீர்களா? – ஓய்வுபெற்ற அலுவலர், மட்டக்களப்பு.

சில படங்களுக்கு மறுக்க மாட்டேன். ஜாங் யிமூவின் ‘கர்ஸ் ஒஃப் த கோல்டன் ஃபிளவர்’ (2006) எனக்கும் மூச்சுத் திணறியது. பொன்னும் மஞ்சட் பூக்களும் அரண்மனையை நிரப்பியபின் மனிதருக்கு நிற்க இடமில்லை. 2004இல் வந்த ‘ஹவுஸ் ஒஃப் ஃபிளையிங் டாகர்ஸ்’, அழகு கதையை மூழ்கடித்த படங்களுக்கும் மூழ்கடிக்காத படங்களுக்கும் நடுவில் நிற்கிறது. சுற்றிலும் பறைகளை நிறுத்தி, காவலன் எறியும் மணிகள் எந்தப் பறையில் படுகின்றனவோ அந்தப் பறையை நீண்ட கைத்துணியால் அடித்து ஆடும் பார்வையற்ற பெண்ணின் காட்சி, ஒலியையும் உடலையும் இணைத்த முதல்தரமான அமைப்பு. ஆனால் அதன் பின் வரும் காதல், அதில் சிக்கிய மூவரையும் போதுமான அளவு தொடுவதற்குள் காடு அழகாகிவிடுகிறது. கடைசிச் சண்டையை உக்ரேனில் எடுத்துக்கொண்டிருந்தபோது எதிர்பாராமல் முன்கூட்டியே பனி பெய்துவிட, அதையே கதைக்குள் சேர்த்துக்கொண்டார்கள். இலையுதிர்காலத்தில் தொடங்கும் சண்டை பனிக்குள் முடிகிறது. திட்டமிட்டு வைத்த அழகுகளை விட, வானம் தந்த அந்த அழகு அந்தப் படத்துக்கு அதிகம் பொருந்தியது.

உங்கள் கருத்துக்கு நேர்மாறான சான்று ஒன்று வேண்டுமென்றால், தாய்வான் இயக்குநர் ஹௌ சியாவ்-சியெனின் ‘த அசாசின்’ பாருங்கள். 2015இல் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது பெற்றுத் தந்த படம். சண்டை மிகக் குறைவு; வரும் சண்டையும் தொடங்குவதற்குள் முடிந்துவிடும். ஒரு காலத்தில் தனக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த மச்சானைக் கொன்றுவரும்படி ஏவப்பட்ட பெண்ணின் கதை அது. இரவில் அவன் தன் காமக்கிழத்தியோடு அமர்ந்து, அந்தப் பழைய நிச்சயத்தைப் பற்றி மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருக்கிறான். காற்றில் ஆடும் பட்டுத்திரைகளுக்கு வெளியே இருந்து கமெரா அதைப் பார்க்கிறது. திரை நகரும்போது முகங்கள் தெளிகின்றன, மூடும்போது மங்குகின்றன. சிறிது நேரம் கழித்துத்தான், அந்தத் திரைகளுக்குப் பின்னால் கொல்ல வந்தவளும் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது நமக்குத் தெரிகிறது. அவள் கையில் ஆயுதம் இருக்கிறது. அந்த இரவில் அவள் அவனைக் கொல்வதில்லை.