சர்ஃபிங் போகும் முன் அலை, வானிலை முன்னறிவிப்பை எப்படிப் படிப்பது? எந்த எண்ணை நம்பலாம்?

கேள்வி இதுதான்: ஆப்பில் '1.5 மீட்டர்' என்று போட்டிருந்த ஒரு நாள் அலை இடுப்பளவுகூட இல்லை. அதே '1.5 மீட்டர்' போட்ட இன்னொரு நாள் தலைக்கு மேல் அடிக்கிறது. அப்படியானால் எதைப் பார்த்துக் கிளம்புவது?

உயரத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் பீரியட், அடுத்து திசை, பிறகு காற்று, பிறகு ஓதம் (கடல்நீர் ஏறி வற்றுவது). இந்த நான்கையும் பார்த்த பிறகுதான் உயரம் என்ற எண்ணுக்கு அர்த்தம் வரும். ஆப்பில் அதைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார்கள், அதனால் கண் அங்கேயே போய் நிற்கிறது. நட்சத்திரக் குறிகளையும் பச்சை, சிவப்புப் பட்டைகளையும் நான் பொருட்படுத்துவதே இல்லை. உங்கள் கடற்கரை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, அடியில் மணலா பாறையா என்பதெல்லாம் அந்தக் குறிகளில் சரியாக ஏறுவதில்லை.

ஒரு முகடு கடந்ததிலிருந்து அடுத்த முகடு கடக்கும் வரை ஆகும் நொடிகள்தான் பீரியட். பீரியடை அதே எண்ணால் பெருக்கி, வந்த விடையை 1.56 ஆல் பெருக்கினால், ஆழ்கடலில் அந்த அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 7 நொடி அலை சுமார் 76 மீட்டர் நீளம். 14 நொடி அலை சுமார் 306 மீட்டர். பீரியட் இரண்டு மடங்கானால் நீளம் நான்கு மடங்காகிறது. தன் நீளத்தில் பாதி அளவு ஆழம் வந்ததுமே அலை கடலடியை உணரத் தொடங்கும். 7 நொடி அலைக்கு அது 38 மீட்டர் ஆழம், 14 நொடி அலைக்கு 150 மீட்டர். அதனால் நீண்ட பீரியட் அலை கரைக்கு வெகு தூரத்திலேயே வேகம் குறையத் தொடங்குகிறது. பின்னால் வரும் ஆற்றல் முன்னால் நெருக்கிக்கொண்டு சேர, அலை உயர்ந்து எழும்புகிறது. குட்டை பீரியட் அலை கரைக்கு அருகில் வந்த பிறகுதான் தரையை உணர்கிறது, அதற்குள் எழும்ப இடமில்லாமல் உடைந்துவிடுகிறது.

ஆற்றலையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உயரத்தின் வர்க்கத்தை பீரியடால் பெருக்கிப் பாதியாக்கினால், ஒரு மீட்டர் அகல முகட்டில் வரும் திறன் ஏறக்குறைய கிலோவாட்டில் கிடைக்கும். 1.5 மீட்டர் 7 நொடிக்கு 8 கிலோவாட் கிட்ட வரும், 1.5 மீட்டர் 14 நொடிக்கு 16. ஒரே உயரம், இரண்டு மடங்கு அடி.

உடையும் அலையின் முகப்பு, அதாவது நாம் சறுக்கும் சரிவு, எவ்வளவு உயரம் வரும் என்பதற்குத் தோராயமாக ஒரு வழி உண்டு. 7, 8 நொடியில் போட்டிருக்கும் உயரம் அப்படியே வந்தால் நல்லது, பல சமயம் அதற்கும் குறைவாகவே இருக்கும். 12 முதல் 14 நொடியில் ஒன்றரை மடங்கு வரை எதிர்பார்க்கலாம். 16 நொடிக்கு மேல் போய், ஆழத்திலிருந்து சட்டென்று மேலெழும் பாறைத்திட்டும் இருந்தால் இரண்டு மடங்கு வரைகூட வரும்.

பீரியட் நீளமாக இருந்தாலே நல்ல அலை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வளைவே இல்லாத நேரான மணற்கரையில் 15, 16 நொடி ஸ்வெல் (ஒரே புயலோ காற்றோ கிளப்பி அனுப்பும் அலைத்தொடர்) நீண்ட கோடாக வந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே நேரத்தில் மடிந்து விழும். சறுக்கிப் போக ஓரமே கிடைக்காது. அப்படிப்பட்ட கரைக்கு 8 முதல் 11 நொடியும், கொஞ்சம் சாய்வான திசையும், அலைக்கோட்டை உடைத்துவிட இன்னொரு சிறிய ஸ்வெல்லும் இருந்தால் நன்றாக அமையும். 14 நொடிக்கு மேல் வரும் ஸ்வெல்லுக்கு ஏற்ற இடம் கடலுக்குள் நீண்டிருக்கும் முனையும் பாறைத்திட்டும்தான்.

முன்னறிவிப்பில் 'உயரம்' என்று இருப்பது வரும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. எல்லா அலையும் அந்த உயரத்தில் இருக்காது. சராசரி அலை அதில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். ஆயிரம் அலைக்கு ஒன்று கிட்டத்தட்ட 1.9 மடங்கு வரும். 10 நொடி பீரியடில் ஆயிரம் அலை வர மூன்று மணி நேரம்கூட ஆகாது. ஆக, 1.5 மீட்டர் என்று போட்ட காலைப் பொழுதில் 2.8 மீட்டர் அலை ஒன்று வந்தே தீரும் என்று எண்ணித்தான் இறங்க வேண்டும்.

பலரும் தவறவிடுவது இன்னொன்று. ஆப்பின் முகப்பில் காட்டும் உயரம் பெரும்பாலும் எல்லா ஸ்வெல்லையும் சேர்த்த மொத்தம். அதை அழுத்தி உள்ளே போனால் தனித்தனியாக இருக்கும். உதாரணமாக, 150 டிகிரியிலிருந்து 1.2 மீட்டர் 14 நொடி, 110 டிகிரியிலிருந்து 0.9 மீட்டர் 6 நொடி என்று இருக்கலாம். இதைக் கூட்டினால் 2.1 வராது. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 1.44 + 0.81 = 2.25, அதன் வர்க்கமூலம் 1.5. இங்கே சறுக்கத் தகுந்தது அந்த 1.2 மீட்டர் மட்டும்தான். 0.9 மீட்டர் என்பது அருகில் அடிக்கும் காற்று கிளப்பிய கலங்கல். மறுநாள் இதே 1.5 முழுக்க 6 நொடிக் காற்றலையாக இருந்தால் முகப்பில் எண் மாறாது, கடல் அடியோடு மாறியிருக்கும். கேள்வியில் கேட்ட குழப்பத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

திசைக்கு வருவோம். அலையானாலும் காற்றானாலும் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் டிகிரியில் போடுவார்கள். 0 வடக்கு, 90 கிழக்கு, 180 தெற்கு, 270 மேற்கு. சில ஆப்களில் அம்புக்குறி போகும் திசையைக் காட்டும், எண் வரும் திசையைச் சொல்லும். முதல் நாளே இதைச் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரைபடத்தில் உங்கள் கரைக்குச் செங்குத்தாகக் கடலை நோக்கி ஒரு கோடு போட்டு அதன் டிகிரியைக் குறித்து வையுங்கள். அது 120 என்றால், 150 டிகிரி ஸ்வெல் 30 டிகிரிதான் விலகியிருக்கிறது, நன்றாக உள்ளே வரும். 190 டிகிரி என்றால் விலகல் 70. பெரும்பகுதி கரையை உரசிக்கொண்டு போய்விடும், வளைந்து உள்ளே வருவது கொஞ்சமே. அந்த வளைவும் நீண்ட பீரியடுக்குத்தான் நன்றாக நடக்கும். கூடவே துறைமுகச் சுவர், முனை, தீவு ஏதாவது அந்தக் கோணத்தை மறைக்கிறதா என்று பாருங்கள். முன்னறிவிப்பைக் கணக்கிடும் கணினி மாதிரிகள் கடலைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கின்றன, அந்தக் கட்டம் பல நேரங்களில் 25 கிலோமீட்டர் அளவுக்கு அகலமானது. ஒரு சின்ன முனையின் நிழல் அதற்குத் தெரியாது.

காற்றுதான் ஒரு காலையை ஆக்குவதும் கெடுப்பதும். கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று முகப்பை நிமிர்த்திப் பிடித்து, உடைவதைச் சற்றுத் தாமதிக்கும். கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்று முகட்டை முன்கூட்டியே தள்ளிச் சிதைத்துவிடும். மேலே சொன்ன 120 டிகிரிக் கரைக்கு 300 டிகிரிக் காற்று நேர் கரைக்காற்று. காற்றின் வேகத்தை 'நாட்' என்ற அலகில் போடுவார்கள், ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். எந்தத் திசையானாலும் 5 நாட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. கடற்காற்று 10 நாட்டைத் தாண்டினால் முகப்பு சொரசொரப்பாகும், 15 நாட்டில் பெரும்பாலான கரைகள் பாழ். கரைக்காற்று 15 நாட் வரை வரம், 20ஐத் தாண்டினால் உச்சியில் போர்டின் மூக்கைத் தூக்கிவிடும், தெறிக்கும் நீரில் கண் தெரியாது, களைத்தவரைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டும் போகும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். சராசரிக்குப் பக்கத்தில் கஸ்ட் (திடீரென்று வீசும் வேகம்) என்று இன்னொரு எண் இருக்கும். இரண்டுக்கும் 10 நாட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்று காற்று நிலையில்லாதது, மழைமேகம் எங்காவது கூடுகிறதா என்று ரேடார் படத்தைப் பாருங்கள்.

வெயில் காயும் நாட்களில் தரை சூடேறி, முற்பகல் பத்து, பதினொரு மணி வாக்கில் கடற்காற்று கிளம்பும். இரவில் தரை குளிர்ந்து, விடியற்காலையில் மெல்லிய கரைக்காற்று இருக்கும். உலக மாதிரிகள் இந்த மாற்றம் நிகழும் நேரத்தை ஒன்றிரண்டு மணி தவறவிடுவது சகஜம். ஆகவே '11 மணிக்கு 14 நாட்' என்று இருந்தால் ஒன்பதரைக்குள் வெளியே வந்துவிடுவதாகத் திட்டமிடுங்கள்.

ஓதத்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்ல அதிகமில்லை, ஒவ்வொரு கரைக்கும் அது வேறு. அலை தன் உயரத்தைப்போல ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழத்தில் உடையும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். 1.5 மீட்டர் அலை 2 மீட்டர் ஆழத்தில் உடையும். மணல்திட்டின் மேல் வற்றத்தில் 1 மீட்டர் நீர், ஏற்றத்தில் 2.5 மீட்டர் என்றால், அந்த அலை வற்றத்தில் திட்டுக்கு வெளியிலேயே மடியும், ஏற்றத்தில் திட்டைத் தாண்டிக் கரையோரம் போய்த் தடாலென்று விழும். இடைப்பட்ட நேரம்தான் உங்களுக்கு. ஏறும் ஆறு மணி நேரத்தில் நடு இரண்டு மணியிலேயே பாதி நீர் ஏறிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றவற்றம் பெரிது, அதனால் அந்த நல்ல இடைவேளையும் குறுகும்.

ஸ்வெல் எப்போது வந்து சேரும் என்பதை நீங்களே கணக்கிடலாம். அலைக்கூட்டம் மணிக்குச் செல்லும் வேகம், பீரியடை 2.8 ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் கிடைக்கும். 16 நொடி என்றால் 45 கி.மீ., 12 நொடி என்றால் 34 கி.மீ. புயல் 3,000 கி.மீ. தூரத்தில் இருந்தால் 16 நொடி அலை 67 மணி நேரத்தில் வரும், 12 நொடி அலை அதற்குப் பின் ஏறத்தாழ 22 மணி நேரம் கழித்து வரும். 1963இல் கடலியல் அறிஞர் வால்டர் முங்க் குழுவினர் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை அலைப்பதிவுக் கருவிகள் வைத்து, தென் பெருங்கடல் புயல்களின் ஸ்வெல் பசிபிக்கையே குறுக்காகக் கடந்து போவதைப் பின்தொடர்ந்தார்கள். அவ்வளவு தூரத்திலும் அது பெரிதாகத் தேய்வதில்லை. முன்னறிவிப்பில் '0.4 மீட்டர் 18 நொடி' என்று அற்பமாக ஒரு வரி தலைகாட்டினால் அதை ஒதுக்கிவிடாதீர்கள். அது முன்னோடி, பின்னால் பெரியது வருகிறது.

எத்தனை நாள் முன்னதாக நம்பலாம்? மூன்று நாள் வரை ஸ்வெல் எண்கள் பெரும்பாலும் தேறும். நான்கிலிருந்து ஏழு நாள் வரை ஏறுகிறதா இறங்குகிறதா என்ற போக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கப்பால் இருக்கும் புயல் இன்னும் உருவாகியே இருக்காது. ஏற்கெனவே அடித்து ஓய்ந்த தொலைதூரப் புயலின் ஸ்வெல் நம்பகமானது, நாளை மறுநாள் உள்ளூர்க் காற்று அதைவிட நம்பகம் குறைந்தது. அமெரிக்க மாதிரி நாளுக்கு நான்கு முறை ஓடுகிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் எண் தாவிக்கொண்டே இருந்தால் முடிவைத் தள்ளிப்போடுங்கள். ஐரோப்பிய மாதிரியும் அதுவும் ஒரே பேச்சுப் பேசினால் பயணத்துக்கு ஏற்பாடு செய்யலாம். எண்கள் உலக நேரத்திலா உள்ளூர் நேரத்திலா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள், பல மணி நேரம் தவறிப்போகும் இடம் அது. வெளிக்கடலில் மிதவைக் கருவி இருந்தால் கிளம்பும் முன் அதன் கடைசி அளவீட்டைப் பாருங்கள். அது கணிப்பு அல்ல, அளந்த எண்.

கரைக்கு வந்த பிறகும் வேலை இருக்கிறது. அசையாத ஒரு பாறையையோ தூணையோ குறிவைத்து, முதல் முகடு கடக்கும்போது கைக்கடிகாரத்தைத் தொடங்குங்கள், பதினொன்றாவது முகட்டில் நிறுத்தி, பத்தால் வகுங்கள். முன்னறிவிப்பில் 14 இருந்து கையில் 8 வந்தால் நீங்கள் பார்ப்பது வேறு ஸ்வெல். பெரியது இன்னும் வரவில்லை, அல்லது உள்ளே வராமல் மறைபடுகிறது. வெளிக்கடலில் வெள்ளை நுரை அங்கங்கே தெரிந்தால் காற்று 7 முதல் 10 நாட், பரவலாகத் தெரிந்தால் 11க்கு மேல். இருபது நிமிடம் நின்று பாருங்கள். 14 நொடிக்கு மேற்பட்ட ஸ்வெல்லில் பெரிய அலைகள் தொகுப்பாக வரும், இரண்டு தொகுப்புக்கு நடுவே பத்து, பதினைந்து நிமிடம் கடல் குளம்போலக் கிடக்கும். அந்த அமைதியைப் பார்த்துப் புதியவர்கள் இறங்கிவிடுகிறார்கள்.

நிற்கும்போதே இழுநீரோட்டம் எங்கே என்று கண்டுபிடியுங்கள். இருபுறமும் அலை உடைய, நடுவில் மட்டும் உடையாமல் கருமையாக, நுரையும் கலங்கிய மணலும் கடலுக்குள் நகரும் பட்டைதான் அது. ஓதம் வற்றும் நேரத்தில் பெரும்பாலும் அதன் வேகம் கூடும். மாட்டினால் எதிர்த்துத் துடுப்புப் போடாமல், போர்டை விடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகி, அலை உடையும் இடத்துக்கு வந்து அதோடு கரையேறுங்கள்.

இடி கேட்டால் உடனே வெளியே வந்து, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப இறங்க வேண்டும், அலை எவ்வளவு அருமையாக இருந்தாலும். கனமழைக்குப் பின் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய நீரில் கழிவு கலந்திருக்கும், மூன்று நாள் தள்ளிப் போங்கள். அதே வெள்ளம் மணல்திட்டையும் இடம் மாற்றியிருக்கும், ஆகவே அடுத்த முறை போகும்போது எந்த ஓதத்தில் எங்கே உடைகிறது என்று புதிதாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.