மான் படம் போட்ட மூட்டை: வேட்டை நிலம், விதை, தீவனம் வாங்குவோரின் கேள்விகள்

டெக்சஸில் வெள்ளைவால் மானுக்கான துப்பாக்கி வேட்டைப் பருவம் நவம்பர் மாதத்தின் முதல் சனிக்கிழமை தொடங்குகிறது. கடைகளில் அதற்கு வெகு முன்பே கொம்பு படம் போட்ட மூட்டைகள் அடுக்கப்பட்டுவிடும், நமக்கும் கேள்விகள் வந்து குவியும். இந்த முறை வந்தவற்றில் பணம் அதிகம் புழங்கும் ஆறு கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: லானோ கவுன்ட்டியில் 14 ஏக்கர் பார்த்து வைத்திருக்கிறோம். புரோக்கர் டிரெயில் கேமரா (மரத்தில் கட்டி வைத்தால் தானாகப் படமெடுக்கும் கேமரா) படங்களைக் காட்டினார். எல்லாம் பெரிய கொம்புள்ள ஆண்மான்கள். "ஏஜி எக்ஸெம்ப்ஷன் (விவசாய வரி விலக்கு) இருக்கிறது, வரி மிகக் குறைவு" என்றும் சொல்கிறார். சுற்றுவட்டார விலையைவிட இது கொஞ்சம் கூடுதல்தான். வாங்கலாமா? (வாசகர், ஆஸ்டின்)

பதில்: அந்தப் படங்களுக்காக ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். டெக்சஸில் காட்டு வெள்ளைவால் மான் நிலக்காரருக்குச் சொந்தமல்ல, அது மாநில மக்களின் சொத்து. உங்கள் வேலிக்குள் நின்று மேய்ந்தாலும் அப்படித்தான். ஒரு மான் வருடம் முழுவதும் சுற்றிவரும் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர் என்று கணக்குச் சொல்வார்கள். இடத்துக்கு இடம் அது கூடும், குறையும். 14 ஏக்கர் என்பது அந்த மான் போகிற வழியில் ஒரு திருப்பம்தான். படத்தில் இருக்கும் கொம்பன் நாளை பக்கத்து நிலத்தில் இருப்பான்.

படத்தை விட்டுவிட்டு மரங்களைப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் போய் லைவ் ஓக் மரங்களுக்குக் கீழே நில்லுங்கள். தரையிலிருந்து நான்கைந்து அடி உயரம் வரை ஓர் இலைகூட இல்லாமல், கோடு போட்டுக் கத்தரித்ததுபோல் மொட்டையாக இருந்தால், அங்கே மேய்கிற வாய் அதிகம், தீனி குறைவு. ஆடு மேய்ந்த நிலமும் இப்படித்தான் இருக்கும். லானோ தன்னை டெக்சஸின் மான் தலைநகரம் என்று சொல்லிக்கொள்கிற ஊர். அந்த வட்டாரத்தில் மானுக்குப் பஞ்சமே கிடையாது, பஞ்சமெல்லாம் மான் தின்னும் இலைக்குத்தான். நம் ஊரில் "ஆடு தொடா இலை ஆடாதோடை" என்போமே, அதுபோல அங்கே மான் அதிகம் தொடாதது சீடர் (cedar) மரம். நிலம் முழுக்க அதுவே மண்டிக் கிடந்தால், அதை வெட்டித் திருத்தும் கூலியை விலையில் கழித்துப் பேசுங்கள்.

அடுத்தது பத்திரம். பெரிய ராஞ்சைத் துண்டு போட்டு விற்கும் இடங்களில் வேட்டையே கூடாது என்று பத்திரத்தில் நிபந்தனை இருக்கலாம். லேஅவுட்டுக்குள் இருக்கும் 10 ஏக்கரும் அதற்குக் குறைவுமான மனைகளில் சுடுவதைக் கட்டுப்படுத்த கவுன்ட்டிக்கு அதிகாரம் உண்டு. உங்களுடையது 14 ஏக்கர் என்பதால் அதில் தப்பலாம், ஆனால் நிலத்தின் வடிவத்தைக் கவனியுங்கள். 200 அடி அகலத்தில் ரிப்பன் மாதிரி நீண்டு கிடந்தால் ரைஃபிளோடு எந்தப் பக்கம் திரும்பினாலும் அண்டை வீட்டுக்காரர் நிலம்தான். அனுமதியில்லாமல் குண்டு எல்லை தாண்டிப் போவது டெக்சஸில் குற்றம். நிலத்தடிக் கனிம உரிமை யாரிடம் இருக்கிறது என்பதையும் டைட்டில் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி வரி. ஊரே எக்ஸெம்ப்ஷன் என்று சொன்னாலும் அது விலக்கு அல்ல. நிலத்தைச் சந்தை விலைக்குப் பதிலாக விவசாய விளைவின் அடிப்படையில் மதிப்பிடும் சலுகை அது. 1995-ல் டெக்சஸ் வாக்காளர்கள் இதை வன உயிரினப் பராமரிப்புக்கும் விரித்தார்கள். ஆடு மாடு வளர்க்காமலே நீங்கள் அதற்கு மாறலாம். முந்தைய வருடம் அந்த நிலம் விவசாய மதிப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். வாழிடத்தைத் திருத்துவது, மண் அரிப்பைத் தடுப்பது, இரைகொல்லி விலங்குகளைக் கட்டுப்படுத்துவது, தண்ணீர் வைப்பது, தீனி வைப்பது, தங்குமிடம் அமைப்பது, கணக்கெடுப்பது ஆகிய ஏழில் மூன்றையாவது வருடந்தோறும் செய்ய வேண்டும். பெரிய நிலத்திலிருந்து பிரித்த துண்டாக இருந்தால் குறைந்தபட்ச ஏக்கர் அளவு குறுக்கே வரும். உங்கள் 14 ஏக்கர் அதில் தேறுமா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கவுன்ட்டி மதிப்பீட்டு அலுவலகத்தில் கேளுங்கள். புரோக்கரின் வாய்ச்சொல் அங்கே செல்லாது. நிலத்தின் பயன்பாடு மாறினால் கடந்த மூன்று ஆண்டுகளின் வரி வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். அது யார் தலையில் விழும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: டைலர் அருகே எங்களுக்கு 60 ஏக்கர் பைன் காடு இருக்கிறது. இரண்டு ஏக்கர் திறந்த வெளியில் மானுக்கு ஃபுட் பிளாட் (மான் மேய்வதற்கென்றே விதைக்கும் பாத்தி) போட ஆசை. கடையில் 10 பவுண்டு விதைக் கலவை 60 டாலர். இது நியாயமான விலையா? (வாசகி, டைலர்)

பதில்: மூட்டையின் முன்பக்கத்தில் இருக்கும் மானை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் தைத்திருக்கும் சின்னச் சீட்டைப் பாருங்கள். எழுத்து பொடியாக இருக்கும், போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். எந்த விதை எத்தனை சதவீதம், அதில் முளைப்பது எத்தனை, விதையல்லாத பொருள் எவ்வளவு, களை விதை எவ்வளவு, முளைப்புச் சோதனை நடந்தது எந்த மாதம் என்பதெல்லாம் அதில் இருந்தாக வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சீட்டில் குளோவர் என்னும் தீவனச் செடியின் விதை 48 சதவீதம், மேற்பூச்சும் மற்றதும் 52 சதவீதம், முளைப்பு 80 சதவீதம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10 பவுண்டில் விதை 4.8 பவுண்டு, அதில் முளைக்கப்போவது 3.84 பவுண்டு. 60 டாலரை அதால் வகுத்தால், உயிருள்ள விதை பவுண்டுக்கு 15 டாலருக்கு மேல் வருகிறது. விவசாயிகள் வாங்கும் விதைக்கடையில் பூச்சில்லாத கிரிம்சன் குளோவர் அல்லது ஆரோலீஃப் குளோவர் மூட்டைக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். பூச்சு கெடுதல் இல்லை, வேர் முடிச்சுக்கு வேண்டிய நுண்ணுயிரி அதிலேயே இருக்கும். ஆனால் எடையில் பாதி பூச்சு என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். கலவையில் ஆன்யுவல் ரைகிராஸ் புல் முதலிடத்தில் இருந்தால் வேண்டாம். சுலபமாக முளைத்துப் பச்சையாகக் காட்டும், பிறகு மற்றதை நெருக்கும், போட்ட இடத்தை விட்டுப் போகாது.

விதைக்கு முன்னால் மண். கிழக்கு டெக்சஸின் மணல் மண் பெரும்பாலும் புளிப்பு. குளோவருக்கு pH 6-க்கு மேல் வேண்டும். மாநில வேளாண் விரிவாக்கத் துறையின் மண் பரிசோதனைக்கு ஆகும் செலவு இந்த ஒரு மூட்டையின் விலையைவிடக் குறைவு. சுண்ணாம்பு போட வேண்டுமென்று அறிக்கை சொன்னால் இப்போதே போடுங்கள், அது மண்ணோடு சேர்ந்து வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும். (மத்திய டெக்சஸின் குன்றுப் பகுதியான ஹில் கன்ட்ரிக்காரர்களே, உங்கள் மண் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையின் மேல் கிடக்கிறது. யாராவது உங்களிடம் சுண்ணாம்பு மூட்டை விற்க வந்தால் திருப்பி அனுப்புங்கள்.) செப்டம்பர் கடைசியில், மழையை ஒட்டி, ஓட்ஸுடன் சேர்த்து விதையுங்கள்.

இன்னொன்று. நீங்கள் கேட்டது இரண்டு ஏக்கரைப் பற்றி, எனக்கு மீதி 58 ஏக்கர்தான் கண்ணில் நிற்கிறது. பைன் மரங்கள் நெருங்கி நின்று தரையில் வெயிலே விழாமல் ஊசியிலை மெத்தை மட்டும் கிடந்தால், மானைப் பொறுத்தவரை அது வெறும் நிழல். மரங்களைக் கலைத்து விட்டு, தகுதியுள்ளவர்களை வைத்துக் கட்டுப்பாட்டுடன் தீ வைத்தால், பியூட்டிபெர்ரி, கிரீன்பிரையர், அகன்ற இலைச் செடிகள் எல்லாம் தாமாக எழும்பும். விதைக்காசு இல்லை, கலைத்த மரத்துக்கு விலையும் கிடைக்கலாம். மாநில வனத் துறையில் ஒரு ஃபாரஸ்டரைக் கூப்பிட்டு நடந்து காட்டுங்கள்.

கேள்வி: மக்காச்சோளம் போடும் ஃபீடர் வாங்கப் போகிறேன். கொம்பு பெரிதாக வளர மினரல் கட்டியும் வைக்கச் சொல்கிறார்கள். மிச்சிகனில் இருக்கும் தம்பிக்கும் ஒரு ஃபீடர் வாங்கி அனுப்பலாமா? (வாசகர், சான் அன்டோனியோ)

பதில்: தம்பிக்கு வேண்டாம். மிச்சிகனின் கீழ்த் தீபகற்பத்தில் 2019 முதல் மானுக்குத் தீனி வைப்பதற்கும் இரை வைத்து வேட்டையாடுவதற்கும் தடை இருக்கிறது. காரணம் சிடபிள்யூடி (Chronic Wasting Disease) என்னும், மானை உருக்கிக் கொல்லும் நோய். 1967-ல் கொலராடோவில் முதலில் கண்டது, டெக்சஸில் 2012-ல் கண்டுபிடித்தார்கள். மருந்து கிடையாது. நோயுண்டாக்கும் புரதம் எச்சில், சிறுநீர் வழியாக மண்ணில் இறங்கி வருடக்கணக்கில் கிடக்கும். பல மான்கள் ஒரே இடத்தில் மூக்கு வைத்தால் பரவ வழி.

டெக்சஸில் ஃபீடர் சட்டப்படி சரி. மூட்டையில் அஃப்ளாடாக்சின் அளவு 20 பிபிபி-க்குள், அதாவது நூறு கோடியில் 20 பங்குக்குள் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது பூஞ்சை நஞ்சு. மானுக்கு மட்டுமல்ல, சிந்தியதைப் பொறுக்க வரும் வான்கோழிக்கும் காடைக்கும் ஆபத்து. வெயிலில் கிடந்து ஈரம் கோத்த மூட்டையைத் தள்ளுபடி விலைக்குக் கொடுத்தாலும் தொடாதீர்கள். மக்காச்சோளத்தில் புரதம் 8 சதவீதம் அளவில்தான். கொம்பு வளரும் வசந்தத்திலும் கோடையிலும் ஆண்மானுக்கு 16 சதவீதம் வேண்டும். ஆகவே சோளம் மானை உங்கள் பக்கம் வரவழைக்கும், கொம்பை வளர்க்காது. கொம்புக்கு வயதும் நல்ல மேய்ச்சலும்தான் வேண்டும், ஐந்து வயதுக்கு மேல்தான் அது முழு அளவுக்கு வரும். மினரல் கட்டிக்கு வைத்த பணத்தில் ஃபீடரைச் சுற்றி மூன்றடிக்குச் சற்றுக் குறைவான கம்பித் தடுப்பு போடுங்கள். மான் தாண்டி வரும், காட்டுப்பன்றி வராது.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கிறேன். வேட்டைக்கு ரைஃபிள் வாங்கலாமா? (வாசகர், இர்விங்)

பதில்: குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. ஏதாவதொரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. டெக்சஸ் உரிமம் ஆகஸ்ட் 31 அன்று முடிகிறது. புதுப்பிக்க மறந்தால் செப்டம்பர் 1 அன்று உங்கள் அலமாரியில் இருக்கும் ரைஃபிளே கூட்டாட்சிக் குற்றம். காலண்டரில் குறித்து வையுங்கள். ஊரிலிருந்து பார்வையாளர் விசாவில் வந்திருக்கும் அப்பா கையில் போட்டோவுக்காகக்கூடத் துப்பாக்கியைக் கொடுக்க வேண்டாம், கையில் பிடிப்பதும் வைத்திருப்பதாகவே கொள்ளப்படும். கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. வில்லுக்கும் இல்லை, முதல் பருவத்துக்கு அதையே சிபாரிசு செய்வேன். எதுவானாலும், 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்திருக்க வேண்டும். ரைஃபிள்தான் வேண்டுமென்றால் கடைக்குப் போவதற்கு முன் உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கராஜ் சேலில் ட்ரீ ஸ்டாண்ட் (வேட்டைக்காக மரத்தில் கட்டி உட்காரும் இருக்கை) ஒன்று பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா? (வாசகர், ஹூஸ்டன்)

பதில்: நானும் ஒருமுறை அப்படி வாங்கினேன். இரும்பு புதிதுபோல இருந்தது, பெயின்ட்கூட உரியவில்லை. வீட்டுக்கு வந்து மரத்தில் கட்டும் பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். மரப்பட்டையில் உரசிய உள்பக்கம் முழுக்க நூல்நூலாகப் பிரிந்திருந்தது, விரலால் இழுத்ததும் இழை கையோடு வந்தது. 15 அடி உயரத்தில் என்னைத் தாங்க வேண்டியது அந்தப் பட்டைதான். விற்றவர் அதைத் திருப்பிப் பார்த்தே இருக்க மாட்டார்.

ஆகவே இரும்புக்கு மட்டும் விலை பேசுங்கள். பட்டை, கேபிள், போல்ட் எல்லாவற்றையும் அதே தயாரிப்பாளரிடம் புதிதாக வாங்கி மாற்றுங்கள். கிடைக்காவிட்டால் ஸ்டாண்டே வேண்டாம். கூடவே தரும் பழைய ஹார்னஸை (விழாமல் தாங்க உடலில் கட்டும் பாதுகாப்புப் பட்டையை) குப்பையில் போடுங்கள், அதற்குப் பொதுவாக ஐந்து வருடம்தான் ஆயுள். முழு உடல் ஹார்னஸ் புதிதாக வாங்கி, தரையில் கால் இருக்கும்போதே மரத்தில் கட்டிய பாதுகாப்புக் கயிற்றில் கோத்துக்கொண்டு ஏறுங்கள். மேலே போய் மாட்டிக்கொள்ளலாம் என்று ஏறுகிறவர்கள்தான் விழுகிறார்கள். நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் தளத்தில் அந்த மாடலைத் திரும்பப் பெற்றிருக்கிறார்களா என்றும் தேடுங்கள்.

கேள்வி: கடையில் மான் கறி விற்கிறார்கள். இது காட்டு மானா? சட்டப்படி சரியா? (வாசகி, சுகர்லேண்ட்)

பதில்: வேட்டையாடிய வெள்ளைவால் மானின் இறைச்சியை விற்க முடியாது. நூறு வருடங்களுக்கு முன் சந்தைக்காகச் சுட்டுத்தான் இந்த மான் அமெரிக்காவில் அழியும் நிலைக்கு வந்தது. கடையில் இருப்பது பெரும்பாலும் நியூசிலாந்துப் பண்ணையில் வளர்த்த செம்மானாக இருக்கும், அல்லது டெக்சஸின் ஆக்சிஸ் மான். ஆக்சிஸ் வேறொன்றுமல்ல, கிண்டியில் நாம் பார்த்து வளர்ந்த புள்ளிமான்தான். 1932-ல் டெக்சஸுக்குக் கொண்டுவந்து விட்டார்கள், ஹில் கன்ட்ரியில் பெருகிவிட்டது. ஊரில் அதைத் தொட்டால் சிறை, இங்கே அதற்கு வேட்டைப் பருவமும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை, உரிமம் மட்டும் வேண்டும். புல்லும் தின்னும், இலையும் தின்னும், வெள்ளைவால் மானின் பங்கையும் காலி செய்யும். (ஆஸ்டின் வாசகரே, வரிச் சலுகைக்குச் செய்யும் வேலை இந்த மண்ணின் சொந்த உயிரினங்களுக்காக இருக்க வேண்டும். புள்ளிமானுக்கு வைத்த தீனி கணக்கில் வராது.)

பொட்டலத்தில் அரசு ஆய்வு முத்திரையும், எந்த மான் என்ற பெயரும் இருக்க வேண்டும். "வெனிசன்" என்று மட்டும் போட்டிருந்தால் கேளுங்கள், சொல்லத் தயங்கினால் வாங்காதீர்கள். கொழுப்பு மிகக் குறைவான கறி. தொடை, முதுகுச் சதையை ஆட்டுக்கறி மாதிரி குக்கரில் விசில் விட்டால் நார் நாராகிவிடும், மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு நல்லெண்ணெயில் சீக்கிரம் வதக்கி இறக்குங்கள். குக்கருக்கு முழங்கால் பகுதியைக் கேட்டு வாங்குங்கள்.